குதிக்கால் கறுப்பும் எஸ்-100உம்

கேள்வி: அப்பாவின் குதிக்காலில் வளர்ந்த கறுப்புப் புள்ளியை வெட்டிச் சோதித்தார்கள். அறிக்கையில் 'எஸ்-100 பொசிட்டிவ்' என்றிருக்கிறது. புற்றுநோய்தானா, ஐயா?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: அதற்குள் அழாதீர்கள், மகள். எஸ்-100 என்பது கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதக் குடும்பம். 1965இல் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்தபோது, அமோனியம் சல்பேட்டின் 100 சதவீத நிறைகரைசலிலும் அது கரைந்தே நின்றது; பெயர் அப்படி வந்தது. சோதனையில் இடும் பிறபொருளெதிரி (அன்டிபொடி) அந்தப் புரதத்தில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் நிறமேறும். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. நரம்பு, கொழுப்புக் கலம், சாதாரண மச்சம் எல்லாவற்றிலும் ஏறும். ஆய்வுகூடத்தில் இருந்த காலத்தில் நான் முதலில் பார்த்தது கட்டியை அல்ல, ஓரத்து நரம்பை. அது வெளிறியிருந்தால் சாயமிட்டதே பிழை! இன்னொரு தொல்லை, வழக்கமான சாயமும் கபிலம், தோலுக்கு நிறம் தரும் மெலனினும் கபிலம். கறுத்த கட்டியென்றால் சிவப்புச் சாயம்தான் கேட்பேன்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் எஸ்-100 பெரும்பாலும் பொசிட்டிவ்தான், மறைக்கவில்லை. எச்எம்பி-45, மெலன்-ஏ என்ற மற்றச் சாயச் சோதனைகளின் முடிவுகளையும் கலங்களின் தோற்றத்தையும் சேர்த்தே வைத்தியர் தீர்மானிப்பார். கோணேசர் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுகிறோம், குதிக்காலை யார் பார்க்கிறோம்? அறிக்கையோடு இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.