லாரி டீசல் கேள்வி பதில்: நியூட்ரலில் மிச்சம் கிடையாது

நாமக்கல்லில் லாரி பராமரிப்புத் தொழிலில் இருக்கிறேன். டீசல் செலவு, புகை இரண்டையும் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. அதனால் மைலேஜும் சுற்றுச்சூழலும் நம் தொழிலில் ஒரே கணக்கு.

சங்ககிரி, இரண்டு வண்டி உரிமையாளர்: லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கிற வண்டி 4.2 கொடுத்தால் பெரிதாக என்ன வந்துவிடும் அண்ணே?

வருடம் 1 லட்சம் கி.மீ. ஓடுகிற வண்டி என்று வையுங்கள். 25,000 லிட்டர் குடித்தது 23,810 லிட்டரில் நிற்கும். 1,190 லிட்டர் மிச்சம், 3 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு குறைவு. இதற்குப் புது வண்டி வேண்டாம். டயர் சூடேறும் முன், காலையில், கேஜ் வைத்துக் காற்று பாருங்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் பஞ்சரான டயர் தெரியும், காற்றழுத்தம் 20 பவுண்டு குறைந்த டயர் தெரியாது. பின் ஜோடியில் உள் டயரை யாருமே பார்ப்பதில்லை, டீசல் அங்கேதான் போகிறது. ஏர் ஃபில்டர், பிடித்துக்கொண்டு ஓடும் பிரேக், அலைன்மென்ட் மூன்றையும் சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் பாருங்கள்.

ஓட்டுநர், தருமபுரி: 60-இல் போகச் சொல்கிறார் ஓனர். 80-இல் போனால் சீக்கிரம் இறக்கிவிடலாமே?

60-இலிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. முகப்பு தட்டையான நம் வண்டிகளுக்கு அது பெரிய சுமை. தார்ப்பாய் படபடவென்று அடித்தால் இன்னும் மோசம், இறுக்கிக் கட்டுங்கள். லோடு இறக்கும் இடத்தில் வரிசையில் மணிக்கணக்காக நிற்கப்போகிறீர்கள் என்றால் 80-இல் போய் என்ன பயன்? நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

திருச்செங்கோடு: மைலேஜ் கூட்ட டீசலில் ஊற்றும் மருந்து எது நல்லது?

எதுவும் வேண்டாம்.

ஓட்டுநர், சேலம்: தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசலே ஆகாது. இதைவிடப் பெரிய மிச்சம் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கணினி டீசலை அளந்து விடும் இன்றைய காமன் ரயில் இன்ஜினில், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அந்த நேரம் டீசலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் தானே சுற்ற வேண்டும், அதற்கு டீசல் எரித்தே ஆக வேண்டும். ஆக, கணவாயில் நியூட்ரல் போட்டவர் அதிகமாகத்தான் எரிக்கிறார்.

புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், கியரில் இருந்தால்தான் வண்டியைப் பிடிக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக் லைனிங்கின் மேல். சூடேறிய லைனிங் பிடிக்காது. வேகம் ஏறிவிட்டால் கியர் திரும்ப விழாது. சிலர் சாவியையே அணைத்துவிடுகிறார்கள். பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் நின்று ஒவ்வொரு மிதிக்கும் ஏர் டேங்க் இறங்குகிறது, ஸ்டியரிங்கும் கல்லாகிவிடுகிறது. தருமபுரிப் பக்கமிருந்து இறங்கும் அந்தச் சாலையில் எத்தனை வண்டிகள் முன்னால் போன கார்களின் மேல் ஏறின என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அதே ஓட்டுநர்: நான் முப்பது வருஷ ஓட்டுநர். நியூட்ரலில் வண்டி தூரமாக உருளும், கியரில் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும். இது பொய்யா?

பொய் இல்லை. லேசான சரிவில் நீங்கள் சொல்வது உண்மை. ஸ்கேனியா, வோல்வோ தானியங்கி கியர் வண்டிகளில் இதற்கென்றே வசதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே சரிவையும் வேகத்தையும் கணினி பார்த்துக்கொண்டே இருக்கிறது, எல்லை தாண்டினால் அதுவே கியரைப் போட்டுவிடும். தொப்பூர் லேசான சரிவு இல்லை. அங்கே எப்படியும் பிரேக் பிடித்தாக வேண்டும், உருண்டு கிடைத்த வேகத்தை லைனிங்கில் சூடாக்கித்தான் தொலைக்கிறீர்கள். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். உங்கள் வாத்தியாரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

சங்ககிரி உரிமையாளர் மறுபடியும்: டிரைவர்களைத் திட்டாதீர்கள் அண்ணே, அவர்கள் பேட்டா குறைவு. மிச்ச டீசல் அவர்களுக்கு என்று நாங்கள்தான் பேசுகிறோம்.

நன்றாகச் சொன்னீர்கள், இதை நீங்களே சொன்னது எனக்குச் சந்தோஷம். லிட்டருக்கு இவ்வளவு என்று கறாராக மைலேஜ் பேசி, மீதியை அவர் வருமானமாக்கினால் நியூட்ரல் போடச் சொல்லிக் கொடுப்பது நாம்தான். பேட்டாவை நியாயமாகக் கொடுங்கள். ஊக்கத்தொகை கொடுப்பதென்றால் ஜிபிஎஸ்ஸில் தெரியும் அளவான வேகத்துக்கும், வீணாக இன்ஜின் ஓடாத நேரத்துக்கும் கொடுங்கள்.

கரூர்: இறக்கத்தில் சாவி அணைத்தால்...

மேலே சொன்னதைப் படியுங்கள். அணைக்காதீர்கள்.

நாமக்கல், முட்டை லோடு: கேரளாவில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறேன். என்ன செய்ய?

காலி வண்டிக்குப் பாதி டீசல்கூடக் குறையாது, வண்டியின் எடையே அவ்வளவு. அந்தப் புகை முழுவதும் யாருக்கும் பயன்படாத புகை. தனி ஆளாக ரிட்டர்ன் லோடு தேடினால் இரண்டு நாள் காத்துக் கிடக்க வேண்டும். நான்கைந்து உரிமையாளர்கள் சேர்ந்து, அங்குள்ள ஏதாவது ஒரு சரக்கு புக்கிங் ஆபீஸோடு பேசுங்கள். முட்டை வண்டிக்குச் சுத்தம் முக்கியம், எந்தச் சரக்கு ஏற்றலாம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு: பிஎஸ் 6 (புதிய புகை விதி) வண்டி. புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா செலவு கட்டவில்லை. உர யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா? யூரியாவையே கட் செய்யும் பெட்டி விற்கிறார்களே?

இரண்டும் கூடாது. வண்டிக்கு ஊற்றும் யூரியாக் கரைசலான ஆட்ப்ளூ என்பது உப்பு நீக்கிய தண்ணீரில் 32.5 சதவீத தூய யூரியா. உர மூட்டையும் போர் தண்ணீரும் சேர்ந்தால் நாசில் அடைத்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் கெடும். அதை மாற்றும் செலவு பல வருட யூரியா காசு. பெட்டி மாட்டினால் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியே வரும். அதை முதலில் சுவாசிப்பவர்கள் டோல்கேட்டில் நிற்கும் தொழிலாளர்களும் பக்கத்து வண்டி கிளீனரும்தான். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 விதியின் பலனை ஒரு பெட்டியில் இழக்காதீர்கள்.

தூத்துக்குடி: மின் லாரி வாங்கலாமா?

துறைமுகத்திலிருந்து யார்டுக்கு, தினமும் ஒரே தடம், இரவில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டி என்றால் யோசிக்கலாம். மின் வண்டிகளுக்கான மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் வண்டியைப் பொறுத்து 9.6 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு, பழைய வண்டியை உடைத்த சான்றிதழ் வேண்டும். டெல்லி, கொல்கத்தா லைனுக்கு இப்போது வேண்டாம்.

ஓசூர்: ரீபட்டன் டயர் (தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டியது) போட்டால் மைலேஜ் குறையுமா?

நல்ல பட்டறையில், நல்ல கேசிங்கில் (பழைய டயரின் உடல்) போட்டால் பயப்பட வேண்டாம், புது டயருக்கான ரப்பரும் மிச்சம். ஆனால் முன் சக்கரத்துக்கு ரீபட்டன் வேண்டாம். காற்றை கேஜ் வைத்துப் பாருங்கள்.