வெளியில் செட் போட்டால் வாரண்டி மொத்தமும் போய்விடுமா?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். சொந்த டாக்ஸி, நானே ஓட்டுகிறேன். ராமேஸ்வரம் வருகிறவர்களைத் தனுஷ்கோடி, திருப்புல்லாணி, தேவிபட்டினம் என்று கூட்டிப் போவதுதான் பிழைப்பு. வண்டி வாங்கி ஒன்றரை வருடம், கம்பெனி வாரண்டி இன்னும் முடியவில்லை. வண்டியோடு வந்த ரேடியோவைக் கழற்றிவிட்டு, ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 22,000 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு செட் போட்டேன். மூன்று மாதத்தில், ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி டவுன். அப்புறம் பவர் விண்டோவும் நின்றுபோனது. மதுரை ஷோரூமில் "வெளியில் செட் போட்டுட்டீங்க, வாரண்டி போச்சு" என்று சொல்லி, ஏசி கம்ப்ரஸரில் வரும் சத்தத்தைக்கூடப் பார்க்க மறுக்கிறார்கள். கடைக்காரர் "உப்புக்காத்துல வயர் பச்சை பூத்துருச்சு, நான் என்ன பண்ண?" என்கிறார். பில் தரவில்லை, ஜிபேயில்தான் பணம் அனுப்பினேன். யார் மேல் வழக்குப் போடுவது?

பதில்: வழக்கு இருக்கட்டும், முதலில் ஒரு காரியம். டேஷ்போர்டை இனி யாரும் பிரிக்க விடாதீர்கள், முக்கியமாகச் செட் போட்ட கடைக்காரரை. "வாங்க, ஃப்ரீயா சரி பண்ணித் தர்றேன்" என்று அவர் கூப்பிடலாம். போனால் வெட்டிய வயரெல்லாம் மாறி, உங்கள் சாட்சியம் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் வழக்கு முழுக்க அந்த செட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கம்பெனி வயரிங்கை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினார்களா, அல்லது வயரை வெட்டாமல் இணைக்கிற, அந்த மாடலுக்கான கப்ளர் போட்டு மாட்டினார்களா என்பதுதான் கேள்வி.

வேறொரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்து, செட்டை வெளியே இழுப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். வண்டி நம்பரும் அதில் தெரியட்டும். இந்த செட்களில் வழக்கமாக மஞ்சள் வயருக்கு எப்போதும் கரண்ட் இருக்கும், சிவப்புக்குச் சாவி போட்டால்தான் வரவேண்டும். இரண்டையும் சேர்த்து நேரடி லைனில் கொடுத்திருந்தால் செட் தூங்கவே தூங்காது, ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடிக்கும். சாவியை எடுத்த பிறகும் எவ்வளவு கரண்ட் போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்து, அவர் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் ஆணையம் தேவைப்பட்டால் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 38 இடம் தருகிறது. இருந்தாலும் வீடியோவும் தாளும் கையில் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

சரி, ஷோரூம் சொல்வது சரியா? ஏசி விஷயத்தில் என் கருத்துப்படி சரியே இல்லை. வாரண்டி புத்தகத்தை எடுத்து விதிவிலக்குப் பகுதியைப் படியுங்கள். பொதுவாக அதில், கம்பெனி அல்லாத பாகங்களாலோ மாற்றங்களாலோ ஏற்பட்ட பழுதுக்கு வாரண்டி இல்லை என்றுதான் இருக்கும். 'ஏற்பட்ட' என்றால் இதனால்தான் அது வந்தது என்று காட்ட வேண்டும். அந்த விலக்கைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறவர்தான் அதை நிரூபிக்கவும் வேண்டும். ஸ்டீரியோவுக்கும் கம்ப்ரஸர் சத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். அதையும் வாயால் கேட்காதீர்கள், வண்டியை வேலைக்கு எடுக்கும்போது எழுதுகிற ஜாப் கார்டில் புகாரை எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டேன் என்றால் அன்றே ஷோரூமுக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் போடுங்கள். பேச்சில் 'வாரண்டி போச்சு' என்பவர்கள் பேப்பரில் அப்படி எழுதுவது அபூர்வம்.

பேட்டரி, பவர் விண்டோ விஷயத்தில் கம்பெனிக்கு எதிராக உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கிறது. வயரை வெட்டியது நிரூபணமானால் அந்த நஷ்டத்தைக் கடைக்காரரிடம்தான் வசூலிக்க வேண்டும். அங்கே உங்கள் கை ஓங்கி இருக்கிறது. பொருத்தும் வேலையில் குறைபாடு ஒன்று. பில் தராதது பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் சொல்லாத நிலையில், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. அதனால் பொருளைத் திருப்பி எடுக்கச் சொல்லி இப்போதே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

அந்த உப்புக்காத்து வாதம் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. கடல் சூழ்ந்த தீவில் இருந்து வருகிற வண்டிக்கு வேலை செய்கிறவருக்கு, டேப் சுற்றிய ஜாயிண்ட் இங்கே நிற்காது என்று தெரியாதா? சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மூட வேண்டியது அவர் வேலை. கடல் பிரச்சினைதான் என்றால், கம்பெனி போட்ட வயரெல்லாம் ஏன் பச்சை பூக்கவில்லை? இதையும் வீடியோவில் காட்டுங்கள்.

டாக்ஸி என்பதால் 'வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கிளப்பும். பயப்பட வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று பிரிவு 2(7)-இன் விளக்கமே சொல்கிறது. நீங்களே ஓட்டுகிறீர்கள், ஒரே வண்டி என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். நாலு வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டினால் கதை வேறு.

கடை, ஷோரூம், தயாரிப்புக் கம்பெனி மூவரையும் ஒரே மனுவில் சேருங்கள். ஷோரூம் 'செட்தான் காரணம்' என்று சொல்லும், கடைக்காரர் 'இல்லை' என்பார். அவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் கொண்டு வரும் ஆதாரம் உங்களுக்குத்தான் உதவும். மதுரைக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்து ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வண்டி விலையைக் கணக்கில் எடுத்து அது 10 லட்சத்துக்குள் இருந்தாலும் 200 ரூபாய்தான். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம் (இதைச் சொல்வதால் என் சக வக்கீல்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்). ஓடாத நாட்களின் வாடகை நஷ்டத்தையும் கேளுங்கள், ஆனால் ட்ரிப் புத்தகம், வங்கிக் கணக்கு என்று ஏதாவது ஆதாரம் வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளைத் தாக்கல் செய்வதானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். வழக்குப் போடும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பாருங்கள், கம்பெனிகள் சில நேரம் அதிலேயே இறங்கி வரும்.

செட் மாற்றியதற்கு ஆர்டிஓ பிடிப்பாரா என்று பலர் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 தடுப்பது ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு முரணான மாற்றத்தை. ரேடியோ அதில் வராது. இன்சூரன்ஸ்தான் கவனிக்க வேண்டியது. கம்பெனி விலையில் அடங்காத மின்சாதனத்தைத் தனியாகச் சொல்லி, பாலிசியில் ஏற்றியிருக்க வேண்டும். மோட்டார் டாரிஃப் என்ற பழைய பிரீமியப் பட்டியலில் அதற்கு மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம் இருந்தது, அந்தக் கணக்கில் உங்கள் செட்டுக்கு 880 ரூபாய். ஏற்றவில்லை என்றால் செட் திருடு போனாலும் எரிந்தாலும் அதற்குப் பணம் கிடைக்காது. புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் சொல்லி ஏற்றிவிடுங்கள். கழற்றிய பழைய ரேடியோ இன்னும் கடையில் இருந்தால், நோட்டீஸிலேயே அதையும் திருப்பிக் கேளுங்கள்.