ஆறு வயதில் அக்கி: பழைய அம்மைக் கிருமி மீண்டும் கிளம்புவது ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. அவள் ஐந்து மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டிருந்தது. நேற்றிலிருந்து வலப்பக்க முதுகில் தொடங்கி மார்பு வரை நீர்க்கொப்புளங்கள் வந்துள்ளன. சட்டை பட்டாலே எரிகிறது என்கிறாள். மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காவிமண்ணால் அக்கி எழுத வேண்டும் என்கிறார் மாமியார். மறுபடியும் அம்மையா? எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா? வீட்டில் இரண்டு மாதக் குழந்தையும் இருக்கிறான். – வாசகி, திருமங்கலம்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், உங்கள் மாமியார் சொல்வதுபோல அது அக்கியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அம்மை உடலெங்கும் சிதறிப் போடும். அக்கியோ ஒரு நரம்பு செல்லும் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு, முதுகுத்தண்டின் அருகே தொடங்கி, விலாவைச் சுற்றி வந்து, நெஞ்சின் நடுக்கோட்டைத் தாண்டாமல், பாதியில் அறுந்த அரைஞாண் போல நின்றுவிடும். சிவந்த தோலின்மேல் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் எழுவதும், அவை எழுவதற்கு முன்பே அந்த இடத்தில் எரிச்சலோ குத்தலோ இருப்பதும் இதன் இயல்பு. இரவில் பூச்சி நசுங்கி ஏற்படும் புண்ணும் சில நேரம் கோடாகத் தெரியும் என்பதால், மருத்துவர் நேரில் பார்த்து உறுதி செய்வது அவசியம்.

இது புதிதாக வந்து ஒட்டிய நோயன்று. சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ், கொப்புளங்கள் உதிர்ந்த பிறகும் உடலைவிட்டு வெளியேறுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் ஓசையின்றித் தங்கிவிடுகிறது. அது மீண்டும் பெருகி, அந்த நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வருவதுதான் அக்கி. இங்கிலாந்தில் பொது மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தம்மிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்து, 1965-இல் இந்த விளக்கத்தைத் தெளிவாக முன்வைத்தார்.

முதியவர்களுக்கு வரும் நோய் குழந்தைக்கு ஏன் வந்தது என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஐந்து மாதக் குழந்தையின் உடலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் ஓரளவு மிச்சமிருக்கும். அதன் சொந்த எதிர்ப்பணுக்களோ இன்னும் பக்குவப்பட்டிருக்காது. ஆகவே அம்மை லேசாக வந்து போய்விட, வைரஸை நெடுநாள் அடக்கிவைக்க வேண்டிய நினைவாற்றல் அந்த அணுக்களுக்கு முழுமையாக உருவாவதில்லை. முதல் ஆண்டுக்குள் அம்மை கண்ட குழந்தைகளுக்கும், கருவிலிருந்தபோது தாய்க்கு அம்மை கண்ட குழந்தைகளுக்கும் சிறுவயதிலேயே அக்கி வருவது இதனால்தான். அவர்களில் பெரும்பாலோர் மற்றபடி நலமாக இருப்பவர்களே. எனவே எதிர்ப்புச் சக்தி போய்விட்டதோ என்று கலங்க வேண்டாம். அக்கி திரும்பத் திரும்ப வந்தாலோ, பல இடங்களில் பரவினாலோ, குழந்தை மெலிந்துகொண்டே வந்தாலோ மட்டும் மேற்கொண்டு பரிசோதனை தேவைப்படும்.

அக்கி எழுதுவதைப் பற்றி: பெரியவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். எழுதியபின் ஆறுவது உண்மைதான். எழுதாவிட்டாலும் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரங்களில் ஆறிவிடும். ஆனால் உடைந்த கொப்புளத்தில் காவிமண் படும்போது சீழ் பிடிக்கலாம். அதைவிட முக்கியமாக, சிகிச்சைக்கு உகந்த நேரம் கைநழுவிப் போகலாம். வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர் மருந்து, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்படும். உங்கள் மகளுக்கு அது தேவையா, எந்த அளவில் என்பதை அவளது எடையையும் நோயின் கடுமையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஆகவே இன்றே திருமங்கலம் அரசு மருத்துவமனையிலோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலோ காட்டுங்கள். நெற்றியிலோ கண்ணிமையிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் பார்வையே பாதிக்கப்படலாம். அப்போது கண் மருத்துவரை அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

அம்மைக்கு ஊற்றும் மூன்றாம் தண்ணீர் வரை காத்திராமல் தினமும் வெறும் நீரில் குளிப்பாட்டி, துடைக்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். படுக்கையில் வேப்பிலை வைப்பதில் தீங்கில்லை. அரைத்துப் பூச வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம். வலிக்கும் காய்ச்சலுக்கும் எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, அது குழந்தையின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்து உண்டு.

இனி கைக்குழந்தை. அக்கி அக்கியாகப் பரவாது; ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், அம்மை காணாதவருக்கு அம்மையாக வரலாம். உங்களுக்குச் சிறுவயதில் அம்மை வந்திருந்தால், உங்களிடமிருந்து சென்ற எதிர்ப்புப் புரதம் இப்போது அவனைப் பெருமளவு காக்கும். வந்ததில்லையென்றால் அதை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்துபோகும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். கொப்புளங்கள் யாவும் பொருக்குத் தட்டும்வரை அவ்விடத்தைப் பருத்தித் துணியால் மூடிவையுங்கள், அக்காவின் துண்டைத் தம்பிக்குப் பயன்படுத்தாதீர்கள், பள்ளிக்கும் அதன்பின் அனுப்பினால் போதும். தம்பிக்கு 15 மாதம் ஆனதும் சின்னம்மைத் தடுப்பூசி போடலாம். அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லாததால் குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டியிருக்கும். தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கு அம்மை மட்டுமல்ல, பின்னாளில் அக்கி வருவதும் குறைவு.