பள்ளி கவுன்சிலரிடம் பையனை அனுப்பினால் பேர் கெட்டுப்போகுமா?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகன் போர்டில் இருப்பதை நோட்டில் எழுதுவதில்லை, வகுப்பில் யாரிடமும் பேசுவதில்லை என்கிறார்கள். ஸ்கூல் கவுன்சிலரிடம் அனுப்பச் சொல்கிறார்கள். மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். இவர்களால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

பதில்:

அனுப்புங்கள் சகோதரி. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் போய் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பையன் உங்களிடம் சொல்வது யார் யார் காதுக்குப் போகும்?” அதற்கு நேராகப் பதில் வந்தால் போதும். “எல்லாம் குழந்தை நல்லதுக்குத்தான்” என்று மழுப்பினால் கொஞ்சம் பொறுங்கள்.

நானே அந்த வேலையில் இருப்பவள்தான். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளி, ஐந்தாவது வருடம் நடக்கிறது. இதே கேள்வியில் நான் ஒருமுறை தோற்றிருக்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் மாமியார் என்ன சொல்லியிருப்பார் என்று நானே சொல்கிறேன். “நம்ம புள்ள என்ன கீழ்ப்பாக்கம் கேஸா?” சரியா? 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. எத்தனையோ பேர் அங்கே தேறி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், நம் ஊரில் அந்தப் பேர் இன்னும் வசவாகத்தான் இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. என்னை வார்டு கவுன்சிலர் என்று நினைத்து, தெருக்குழாயில் சாக்கடை வாடை அடிக்கிறது என்று ஒரு தாத்தா அரை மணி நேரம் புகார் சொல்லியிருக்கிறார். மே மாதம் வந்தால் இன்ஜினியரிங் கட் ஆஃப் கேட்டு வருவார்கள். அந்தக் கவுன்சிலிங் 2018-லேயே ஆன்லைனுக்குப் போய்விட்டது என்றால், “அப்போ நீங்க எதுக்கு மேடம்?” என்பார்கள்.

எதுக்கு என்று சொல்கிறேன். நான் சேர்ந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். தினமும் முதல் பீரியடிலேயே மேசையில் தலை சாய்த்துத் தூங்குவான். காசிமேட்டுப் பையன் என்பதால் ஸ்டாஃப் ரூமில் தீர்ப்பு ரெடி: ராத்திரி ஊர் சுத்துகிறான், ஏதோ போடுகிறான். என் அறைக்கு வரச் சொன்னால் வரமாட்டான். எப்படி வருவான்? என் அறை பிரின்சிபால் அறைக்கு எதிரே, ஸ்போர்ட்ஸ் சாமான் ரூம். யார் உள்ளே போனாலும் பீஸ் கட்ட நிற்கும் பெற்றோர் முழுக்கப் பார்ப்பார்கள். அதனால் மத்தியானம் பிள்ளைகள் டிபன் பாக்ஸ் கழுவும் குழாயடியில் போய் நிற்க ஆரம்பித்தேன். தண்ணீர் சத்தத்தில் பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் இது.

ஒருநாள் அவன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்தான். காம்பஸ் இருக்க வேண்டிய இடத்தில் லைஃப்பாய் துண்டு. தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். விரல் நுனியெல்லாம் ஐஸில் ஊறி வெளுத்துப் போயிருந்தது, கட்டைவிரல் நகக்கண்ணில் ஒரு மீன் செதில். நான் எதுவும் கேட்கவில்லை. அவனே சொன்னான். அப்பா இருக்கிறார், ஆனால் கணக்கில் இல்லை. அம்மா மீன் விற்கிறார். ராத்திரி இரண்டரை மணிக்கு ஹார்பரில் ஏலம் எடுக்கப் போகும்போது, இருட்டில் அம்மா தனியாகப் போகக்கூடாது என்று இவனும் எழுந்து போகிறான். கூடையை மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டு, ஆறு மணிக்கு வீடு, எட்டரைக்குப் பள்ளி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்லது செய்வதாக நினைத்து, வகுப்பு ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, கலகலப்பாகப் பேசுபவர். மறுநாள் வகுப்பில், “இன்னிக்கு வஞ்சிரம் என்ன விலைடா?” என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று மத்தியானம் என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான். “நீங்க சொல்லிட்டீங்கல்ல மிஸ்.” அவ்வளவுதான். மீதி வருடம் முழுக்க நான் வரும் மாடிப்படியில் அவன் வரவில்லை.

உடனே சிலர் வருவார்கள்: ராத்திரியில் பையனை வேலை வாங்குவதைக் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லாமல் என்ன கவுன்சிலர் என்று. யாராவது அடித்தாலோ, தப்பாகத் தொட்டாலோ, பிள்ளை உயிரை விடுவதாகச் சொன்னாலோ நான் ரகசியம் காக்கமாட்டேன், அதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்கு நடக்கும் பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில், தெரிந்தும் சொல்லாவிட்டால் எனக்கே தண்டனை. இது அந்த வகை இல்லை. யாரும் அனுப்பாமல் அவனாகப் போனான். அந்த அம்மாவை அதிகாரிகள் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தப்பென்றால் தப்பு.

அடுத்த வருடம்தான் வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போது புரிந்தது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அதனால்தான் ஏப்ரல் கடைசியில் முழித்திருந்தான். “பரீட்சை பயம்” என்று நாங்கள் பேசிக்கொண்டோம்! ஜூன் கடைசியில் மறுபடி தலை சாய்ந்தது. பத்தாவதுக்குக் காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வேறு. இந்த முறை கணக்கு மிஸ்ஸிடம், “இவனை மட்டும் சாயங்கால பேட்ச்சில் போடுங்கள், காரணம் கேட்காதீர்கள்” என்றேன். அவரும் கேட்கவில்லை.

பிளஸ் ஒன்னில் ஒருநாள் இன்னொரு பையனை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தான். என் காதுபடவே அவனிடம் சொன்னான்: “முன்ன சொல்லிடுவாங்க. இப்ப சொல்லமாட்டாங்க, பேசு.” (இதை இங்கே எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். பாலிடெக்னிக் படிக்கிறான் இப்போது. “பேர் போடாதீங்க மிஸ், அவ்ளோதான்” என்றான்.)

ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர்கள் சங்கம் சொல்லும் அளவு. எங்கள் பள்ளியில் 1,400 பேருக்கு நான் ஒருத்தி. அதிலும் யார் லீவு போட்டாலும் சப்ஸ்டிட்யூஷன் எனக்குத்தான். போன வருடம், “உங்ககிட்ட பேரண்ட்ஸ் நல்லா பேசுறாங்க” என்று பீஸ் பாக்கிப் பட்டியலைக் கொடுத்து போன் பண்ணச் சொன்னார்கள். அதில் அந்த அம்மாவின் நம்பரும் இருந்தது. ஸ்விட்ச் ஆஃப் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சரி, உங்கள் பையனுக்கு வருகிறேன். போர்டைப் பார்த்து எழுதவில்லை என்றால் முதலில் கண் பரிசோதனை. பார்வை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியாவா, அதாவது படிக்க, எழுத வரும் கற்றல் சிரமமா என்று சோதிக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் இருந்தால் நம் மாநிலப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. பத்தாவது வந்தபின் அலைவதைவிட எட்டாவதில் பார்ப்பது நல்லது. பேசாமல் இருப்பதற்குக் காரணமும் இதுவாகவே இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், அவனைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது. நாங்கள் மருந்து எழுதமாட்டோம். தேவைப்பட்டால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கே யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மாமியாரிடம் கண்ணாடி பவர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். முதல் நாளைக்கு அது பொய்யும் இல்லை.