டாக்டர் எழுதிக் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று 24 வயது மகன் கேட்கிறான். நான் என்ன சொல்வது?

மூன்று மாதமாக மகனுக்கு மனச்சோர்வு, மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துப் பத்து நாளாகிறது, அட்டையைப் பிரிக்கவே இல்லை, கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார், மகன் "நீ சொல்லும்மா, அப்படியே செய்றேன்" என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். என் மகளும் 29 வயதில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டாள். நான் மருத்துவன் இல்லை. அன்று நான் செய்த தவறையும் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

அவள் முதலில் பார்த்த மருத்துவர் ஐந்து நிமிடம்தான் பேசினார். சீட்டை நீட்டி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னதோடு சரி. அவள் வீட்டுக்கு வந்து, "இதைப் போட்டுக்கட்டுமாப்பா?" என்றாள். அன்று இரவு நான் தூங்கவில்லை. மருந்தின் பெயரைத் தேடித் தேடிப் படித்தேன். உயிரே திரும்பி வந்தது என்று எழுதியவர்களும் இருந்தார்கள், வாழ்க்கையே போய்விட்டது என்று எழுதியவர்களும் இருந்தார்கள். படித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு அனுப்பினேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். நாலு நாள் பொறுத்தாள். அப்புறம் சொன்னாள்: "நீங்க அனுப்புறதைப் பார்த்தா, முதல்ல உங்க பயத்தைத்தான் நான் சரி பண்ணணும் போல இருக்குப்பா. எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இன்றைக்கு எந்தச் சட்டையைப் போடுவது என்பதே பெரிய கேள்வி. முடிவெடுக்க முடியாமல் திணறுவது அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. உங்கள் மகன் உங்களைக் கேட்பதைச் சோம்பல் என்றோ குழந்தைத்தனம் என்றோ நினைத்துவிடாதீர்கள். அதற்காக அந்த முடிவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். நீங்கள் சொன்னதற்காக மாத்திரை போட்டால், முதல் வாரம் குமட்டல் வந்ததுமே உங்களுக்காகப் போட்டதுதானே என்று விட்டுவிடுவான். நீங்கள் வேண்டாம் என்று சொல்லி நிலைமை மோசமானால் அந்தப் பாரத்தை இரண்டு பேருமே சுமக்க வேண்டிவரும்.

உங்களால் முடிந்தது, அந்த முடிவைச் சின்னதாக்கிக் கொடுப்பது. நானும் என் மகளும் "வாழ்நாள் முழுக்க மாத்திரையோடா, மாத்திரை இல்லாமலா" என்ற அளவில்தான் யோசித்துக்கொண்டிருந்தோம். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அதை எட்டு வாரமாகச் சுருக்கினார். "எட்டு வாரம் எடுத்துப் பாருங்க. நடுவுல ரெண்டு தடவை வாங்க. உதவலைன்னா மாத்திப் பார்க்கலாம், இல்லைன்னா கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடலாம். இன்னைக்கு நீங்க முடிவு பண்ண வேண்டியது அவ்வளவுதான்." பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

எட்டு வாரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எஸ்சிடாலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற, இப்போது அதிகம் எழுதப்படும் மாத்திரைகளில் பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். குமட்டல், தலைவலி, தூக்கம் கெடுவது, ஒருவிதப் படபடப்பு எல்லாம் முதல் இரண்டு வாரத்தில் வந்து பெரும்பாலும் தானாகவே தணியும். நல்ல மாற்றம் தெரியத் தொடங்க இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறு எட்டு வாரம்கூட ஆகலாம். இது தெரியாமல்தான் பலர் பத்தாம் நாளே "ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். பாலுறவு ஆர்வம் குறைவது இன்னொரு பக்கவிளைவு. இது பலருக்கு வரும், மாத்திரை தொடரும்வரை நீடிக்கவும் கூடும். பெற்றோரிடம் அவன் இதைப் பேசமாட்டான். மருத்துவரிடம் தனியாகப் பேச அவனுக்கு நேரம் கிடைக்கட்டும், அந்தச் சமயத்தில் நீங்கள் வெளியே இருங்கள்.

கணவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. என் பயம் என்னவாக இருந்ததோ அதுதான் அவருக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்: பழகிப் போய்விடும், விடவே முடியாது. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. போதைப் பொருள் போல மேலும் மேலும் கேட்கும் ஏக்கத்தை இந்த மாத்திரைகள் உண்டாக்குவதில்லை. ஆனால் உடம்பு இவற்றுக்குப் பழகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், விசித்திரமான கனவுகள், தலைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் இரண்டிலும் இது கூடுதல். உடம்பில் நீண்ட நாள் தங்குவதால் ஃப்ளுவாக்ஸெட்டினில் குறைவு. என் மகள் ஒரு பயணத்தில் மூன்று நாள் மாத்திரையை மறந்துவிட்டு அந்த மின்சாரத்தை அனுபவித்தாள். அதனால்தான் நிறுத்தும்போது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்கிறார்கள். "எப்படி நிறுத்துவது" என்பதைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வெளியே வரும் வழி தெரிந்தால் உள்ளே போகும் பயம் பாதி குறையும்.

இன்னொரு பயம், ஆளே மாறிவிடுவானோ என்பது. சிலருக்கு உணர்ச்சி மழுங்கியது போல இருக்கும். சந்தோஷமும் வராது, அழுகையும் வராது. அப்படி இருந்தால் சொல்ல வேண்டும். டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

"மூளையில் ஒரு ரசாயனம் குறைந்திருக்கிறது, மாத்திரை அதை நிரப்பும்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். செரோடோனின் என்ற அந்த ரசாயனம் குறைவதுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை. 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பும் அதைத்தான் சொன்னது. அதற்காக மாத்திரை வேலை செய்யாது என்றாகிவிடாது. 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 522 சோதனைகளைச் சேர்த்து 21 மருந்துகளை ஒப்பிட்டது. இருபத்தொன்றுமே மருந்து இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. சராசரியாகப் பார்த்தால் அந்த வித்தியாசம் மிதமானதுதான். சிலருக்கு வாழ்க்கையே திரும்பும், சிலருக்கு ஒன்றும் நடக்காது. அமெரிக்காவில் ஸ்டார் டி என்ற பெரிய ஆய்வில் முதல் மருந்திலேயே அறிகுறிகள் அநேகமாக நீங்கியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இதை நான் மகளிடம் முன்கூட்டியே சொன்னேன், அவளைச் சோர வைக்க இல்லை. முதல் மருந்து கைகொடுக்காவிட்டால், "எனக்கு எதுவுமே வேலை செய்யாது" என்று அவள் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக.

அவன் மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டீர்களா? அதைப் பொறுத்து எல்லாமே மாறும். லேசான நிலைக்கு எடுத்ததுமே மாத்திரையை வழக்கமாகத் தர வேண்டாம், அந்த நபரே விரும்பினால் தரலாம் என்றுதான் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டலும் சொல்கிறது. அந்த நிலையில் பேச்சு சிகிச்சை, அதாவது முறையாகப் பயின்றவரிடம் பெறும் கவுன்சலிங், முதலில் வரலாம். கடுமையான நிலையில் மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் பொதுவாகப் பலன் கூடுதல். பிஎச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, மொத்தம் 27 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் குறைந்தது மிதமான மனச்சோர்வு என்று கணக்கு. அதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவனே நிரப்பி வைத்தால், எட்டாவது வாரத்தில் "ஏதாவது மாறியிருக்கா?" என்ற கேள்விக்கு ஞாபகத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு இவையும் மனச்சோர்வு போலவே காட்டும். ரத்தப் பரிசோதனை நடந்ததா என்றும் கேளுங்கள்.

பெற்றோரால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்பதை அவனிடம் சொல்லுங்கள். என் தம்பி பல வருடம் இதே மாதிரி மாத்திரை சாப்பிட்டான். பிள்ளைகளிடம் நாங்கள் சொன்னதே இல்லை. மருத்துவர் கேட்டபோதுதான் சொன்னேன். "சித்தப்பாவுக்கா? இத்தனை வருஷமா ஏன் சொல்லல? எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சிட்டிருந்தேனே" என்று அவள் அழுதுவிட்டாள். அந்த மௌனத்துக்காக நான் இன்றும் வருந்துகிறேன். இது மருத்துவ ரீதியாகவும் முக்கியம். குடும்பத்தில் யாருக்காவது பைபோலார், அதாவது மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய், இருந்தாலோ, உங்கள் மகனே எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு இருந்திருந்தாலோ மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அந்த மிகை உற்சாக நிலை கிளம்பிவிடலாம். அவன் எடுக்கும் வேறு மருந்துகள், மூலிகை மருந்துகள், குடிப்பழக்கம் இருந்தால் அதுவும் சொல்லப்பட வேண்டும்.

அவன் வயது 24 என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் கொடுத்த எச்சரிக்கையை 2007இல் 24 வயது வரை நீட்டித்தது. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும் டோஸ் மாறும்போதும் இந்த வயதில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம். சிகிச்சையே இல்லாத மனச்சோர்விலும் அந்த ஆபத்து இருக்கிறது, அதனால் இது மாத்திரையைத் தவிர்ப்பதற்கான காரணம் ஆகாது, கூடவே இருப்பதற்கான காரணம். ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு, திடீர்க் கோபம், "நான் இல்லாம இருந்தா நல்லது" மாதிரியான பேச்சு வந்தால் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லுங்கள். "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.

கூட இருப்பது வேறு, காவல் இருப்பது வேறு. "மாத்திரை போட்டியா?" என்று தினமும் கேட்பது ஒரு வாரத்திலேயே அவனைச் சலிக்க வைத்துவிடும். எப்படிக் கேட்டால் அவனுக்குச் சரிப்படும் என்று அவனிடமே கேளுங்கள். என் மகள், "நீங்க கேக்காதீங்க, ஞாயித்துக்கிழமை நடக்கப் போறப்ப நானே சொல்றேன்" என்றாள். ஆறு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளே பேசினாள்.

அவளுக்கு முதல் பத்து நாள் குமட்டல், தூக்கமில்லை. மூன்றாம் வாரம், "ஒண்ணும் தெரியலப்பா" என்றாள். ஹாலில் புத்தக அலமாரியை நாங்கள் இடம் மாற்றி வைத்து ஒரு மாதமாகியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் வாரம் ஒரு காலையில் நின்று, "இதை எப்பப்பா மாத்தினீங்க?" என்று கேட்டாள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். கூடவே கவுன்சலிங்கும் போனாள். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும் என்றார் மருத்துவர், இல்லையென்றால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். மொத்தம் 14 மாதம் சாப்பிட்டாள், அதில் கடைசி மூன்று மாதம் குறைப்பதிலேயே போனது.

உங்கள் மகன் வேண்டாம் என்று முடிவெடுத்தால்? அதையும் மதியுங்கள், ஆனால் "அப்போ அதுக்குப் பதிலா என்ன?" என்று கேளுங்கள். கவுன்சலிங், தினமும் கொஞ்சம் நடை, தூங்கும் நேரத்தை ஒழுங்காக்குவது, நாலு வாரம் கழித்து மறுபடி மருத்துவர். வேண்டாம் என்பதற்கும் ஒரு தேதி வேண்டும். தற்கொலை எண்ணமோ, சாப்பாடு தண்ணீரே இறங்காத நிலையோ இருந்தால் மட்டும் இந்தப் பொறுமைக்கு இடமில்லை.

கணவரோடு விவாதிக்க வேண்டியதை மகன் காதில் விழாமல் விவாதியுங்கள். மகன் சம்மதித்தால் அடுத்த முறை அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். என் பயம் தணிந்தது அந்த அறையில்தான், என் மனைவி சொல்லி இல்லை.

மகன் மறுபடியும் "நீ சொல்லும்மா" என்றால், நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "முடிவு உன்னுதுப்பா, நீ எதைச் சொன்னாலும் நான் கூட இருக்கேன். டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு இப்ப நீ சொல்லு, நான் எழுதுறேன்." அதில் முதல் வரியாக, மாத்திரையை இன்னும் தொடங்கவே இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பத்து நாளாகச் சாப்பிடுகிறான் என்று நினைத்து, பலன் போதவில்லையே என்று அவர் டோஸைக் கூட்டிவிடக்கூடாது.