கியர் லாக்கை நன்றாக நசுக்கியும் மாலை ஏன் விட்டுப்போகிறது? கிரிம்பிங் பிளையர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: மயிலாடுதுறையில் வீட்டிலிருந்தே டெரகோட்டா, ஸ்படிகம், ருத்ராட்ச மாலைகள் கோத்து விற்கிறேன். கியர் ஒயரில் கோத்து, ஒயரின் முனையைப் பிடித்துநிறுத்தும் சின்ன உலோக மணியான கியர் லாக்கை நோஸ் பிளையரால் அழுத்தி நசுக்கித்தான் கொடுக்கிறேன். ஆனாலும் சில மாலைகள் பத்துப் பதினைந்து நாளில் கொக்கிப் பக்கம் விட்டுப்போய்த் திரும்பி வருகின்றன. இதற்கென்றே இருக்கும் கிரிம்பிங் பிளையர் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்:

பிளையர் வாங்குங்கள், வீண் செலவு இல்லை. ஆனால் அதற்கு முன்னால், திரும்பி வந்த மாலைகளை எடுத்து விட்டுப்போன முனையைப் பாருங்கள். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கினாலே போதும். எல்லா மாலையும் ஒரே காரணத்தால் விடுவதில்லை. என்ன ஆயிற்று என்று அந்த முனையே சொல்லிவிடும்.

ஒயர் அறுபடாமல் முழுசாக இருக்கிறது, லாக்கும் நசுங்கியபடியே இருக்கிறது, ஒயர் மட்டும் உருவிக்கொண்டு வந்திருக்கிறது என்றால் லாக் அதைச் சரியாகப் பிடிக்கவே இல்லை. முனை துடைப்பம் மாதிரிப் பிரிபிரியாக நின்றால், லாக்கின் விளிம்போ மணியின் ஓட்டையோ கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. லாக்கே இரண்டாக வெடித்திருந்தால் அதன் உலோகம் மட்டம், இல்லையென்றால் ஒரே இடத்தில் நாலைந்து தடவை அமுக்கியிருக்கிறீர்கள். நான்காவதாக ஒன்று உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை: லாக், ஒயர், ஒயரைத் திருப்பிப் போட்ட கண்ணி எல்லாம் பத்திரமாக இருக்கும், கொக்கி மட்டும் காணாமல் போயிருக்கும். கண்ணியையும் கொக்கியையும் இணைக்கும் சின்ன வளையமான ஜம்ப் ரிங்கின் வாய் அரை மில்லிமீட்டர் திறந்திருந்தால் போதும், 0.38 மி.மீ. ஒயர் அந்த இடுக்கு வழியாக நழுவிவிடும். இதற்கு எந்தப் பிளையரும் உதவாது. வாய் பற்றவைத்த வளையமாகக் கேட்டு வாங்கி, கண்ணியை அதில் போட்டுவிட்டு, கொக்கியை வேறொரு ஜம்ப் ரிங்கில் மாட்டுங்கள். ஜம்ப் ரிங்கைத் திறக்கும்போது இரண்டு பக்கமும் அகட்டாமல் கதவு திறப்பதுபோல ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் தள்ளித் திறந்தால் வாய் மறுபடி சரியாக மூடும்.

இனி லாக் ஏன் பிடிக்கவில்லை என்பதைப் பார்க்கலாம். கியர் ஒயர் என்பது மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி, மேலே நைலான் பூசியது. பூச்சு வழவழப்பானது. லாக்கைத் தட்டையாக நசுக்கும்போது உள்ளே இருக்கும் இரண்டு ஒயரும் எப்படிப் படுக்கின்றன என்பது உங்கள் கையில் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துவிட்டால் ஏறிய இடத்தில் மட்டும் அழுத்தம் விழுகிறது. மற்ற இடத்தில் தகடு ஒயரை ஒழுங்காகத் தொடுவதே இல்லை. பார்க்க நன்றாக நசுங்கின மாதிரிதான் இருக்கும். கழுத்தில் போட்டுக் கழற்றும் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு நூலளவு நகர்ந்து, ஒருநாள் வெளியே வந்துவிடும்.

கிரிம்பிங் பிளையரின் தாடையில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். கைப்பிடிப் பக்கம் உள்ளதில் ஒரு தாடையிலிருந்து சின்னப் பல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். நுனிப் பக்கம் உள்ளது வெறும் நீள்வட்டம். முதல் பள்ளத்தில் வைத்து அமுக்கினால் அந்தப் பல் லாக்கின் நடுவே பதிந்து, உள்ளே ஒரு வரப்பு எடுத்துவிடுகிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ஒயர், அந்தப் பக்கம் ஒரு ஒயர். இரண்டாவது பள்ளம் அந்த வரப்பை மையமாக வைத்து லாக்கைப் புத்தகம் மாதிரி மடித்துவிடுகிறது. ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகச் சுற்றிலும் தகடு கவ்விப் பிடிக்கிறது. கையின் பலத்தைவிட இந்த மடிப்புதான் வேலை செய்கிறது. தட்டையாக நசுக்கினது நிற்கவே நிற்காது என்று சொல்ல மாட்டேன். ஒயர்கள் பக்கம் பக்கமாகப் படுத்து, லாக்கும் நல்ல தரமாக இருந்தால் எடையில்லாத ஒற்றைச் சரத்துக்கு அது போதும். டெரகோட்டா ஹாரத்துக்குப் போதாது.

கடையில் கியர் லாக் என்று கேட்டால் பெரும்பாலும் உருண்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உருண்டை தட்டையாக நசுக்க ஏற்றது. மடிக்கப்போனால் ஒழுங்காக மடியாது. மடிப்பதற்குக் குழாய் வடிவம் வேண்டும். 2 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. நீளமும் உள்ள குழாய் லாக், 0.38 அல்லது 0.45 மி.மீ. ஒயர், சாதாரண அளவு கிரிம்பிங் பிளையர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும். உங்கள் வேலையில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும். 1 மி.மீ. லாக்குக்கு மைக்ரோ என்று சின்னப் பிளையர் தனியாக வருகிறது, 3 மி.மீ. லாக்குக்குப் பெரியது. சாதாரணப் பிளையரில் 3 மி.மீ. லாக்கை வைத்தால் பல் பாதிதான் இறங்கும். 1 மி.மீ. லாக்கை வைத்தால் பள்ளத்துக்குள் சும்மா உருளும்.

ஒயரிலும் வித்தியாசம் உண்டு. 7 இழை, 19 இழை, 49 இழை என்று வரும். இழை கூடக் கூட ஒயர் நூல் மாதிரி தொங்கும், மடிப்பு விழாது. 7 இழை மலிவு, ஆனால் ஒருமுறை கொக்கி மாதிரி மடிந்துவிட்டால் அந்த முடக்கு போகாது, பிற்பாடு அறுவதும் அங்கேதான். தினமும் போடும் மாலைக்குக் குறைந்தது 19 இழை பாருங்கள்.

செய்முறை இதுதான். 45 செ.மீ. மாலைக்கு 60 செ.மீ. ஒயர் வெட்டுங்கள். மணி கோப்பதற்கு முன்பே ஒரு முனையை முடித்துவிடுவது நல்லது. முதலில் ஒரு 2 அல்லது 3 மி.மீ. உலோகக் குண்டு, பிறகு லாக், பிறகு வளையம். ஒயரை வளையத்துக்குள் விட்டுத் திருப்பி, அதே லாக் வழியாகவும் குண்டு வழியாகவும் வெளியே எடுங்கள். வால் 3 செ.மீ. இருக்கட்டும். கண்ணியை மெதுவாக இழுத்துச் சின்னதாக்குங்கள், ஆனால் வளையம் தாராளமாக ஆடவேண்டும். கண்ணி வளையத்தை இறுக்கிப் பிடித்தால் ஒயர் உரசி உரசி அறும். இதைத் தவிர்க்கவே குதிரை லாடம் மாதிரி ஒரு குட்டித் தகடு விற்கிறார்கள், ஒயர் கார்டு என்பார்கள். ஒயர் அதன் குழிக்குள் போய் வளைந்துவிடுவதால் வளையம் தகட்டில்தான் உரசும், ஒயரில் உரசாது. விலை குறைவு, எடையுள்ள மாலைக்குக் கட்டாயம் போடுங்கள்.

இப்போது லாக்கை முதல் பள்ளத்தில் வையுங்கள். அமுக்குவதற்கு முன் ஒரு நொடி நிறுத்தி, வாலையும் முதன்மை ஒயரையும் விரலால் சற்று அகற்றிப் பிடியுங்கள். உள்ளே இரண்டும் குறுக்கே பின்னிக்கொள்ளக் கூடாது. தவறு நடப்பது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான். பின்னியபடி அமுக்கினால் இரண்டு ஒயரும் வரப்பின் ஒரே பக்கம் போய்ச் சேரும், அல்லது பல்லுக்கு அடியில் மாட்டிப் பூச்சு கிழியும். ஒரே சீராக ஒரு தடவை அமுக்குங்கள். எடுத்துப் பார்த்தால் லாக் நடுவில் பள்ளம் விழுந்து அவரை விதை மாதிரி இருக்க வேண்டும்.

அடுத்து லாக்கைக் கால் சுற்று, அதாவது 90 பாகை திருப்பி, பள்ளம் பிளையரின் நுனியைப் பார்க்கும்படி இரண்டாவது பள்ளத்தில் வையுங்கள். அமுக்கினால் இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்றாக மடியும். இன்னும் கொஞ்சம் திருப்பி மெதுவாக ஒரு அமுக்கு, உருட்டி வடிவம் கொடுக்க. அதோடு விட்டுவிடுங்கள். பித்தளையும் செம்பும் அமுக்க அமுக்க இறுகி, மடிப்பு ஓரத்தில் விரிசல் விடும். லாக் வெடித்ததற்கு நீங்கள் தேடும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாலை லாக்கை ஒட்டி வெட்டாதீர்கள். மேற்கொண்டு இரண்டு மூன்று மணிகளுக்குள் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். லாக் ஓரத்திலேயே வெட்டினால் முனை கழுத்தைக் குத்தும், தாங்கிப் பிடிக்கவும் ஒன்றும் இருக்காது.

மறுமுனையை முடிக்கும்போதுதான் இன்னொரு தவறு நடக்கும்: மணிகளை இறுக்கித் தள்ளி லாக் போடுவது. மேஜையில் நேராகக் கிடக்கும்போது அழகாகத்தான் இருக்கும். கழுத்தில் வட்டமாக வளைந்ததும் மணிகளின் விளிம்புகள் ஒன்றையொன்று முட்டி, அந்த இழுவை முழுக்க லாக்கில் போய் விழும். இரண்டாவது லாக்கை அமுக்குமுன் மாலையை ஒரு சொம்பின் வயிற்றைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். மணிகள் விறைத்து நிற்காமல் தளர்ந்து விழவேண்டும். பொதுவாக 1 முதல் 2 மி.மீ. இடைவெளி போதும்.

ஆனால் உங்கள் மூன்று வகை மணியும் மூன்று விதம்.

டெரகோட்டா மணிக்குச் சூளையில் வெந்த பிறகு ஓட்டை சீராக இருக்காது, அகலமாகவும் இருக்கும். 2 மி.மீ. லாக் அதற்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும், அங்கே சுட்ட மண்ணின் சொரசொரப்பில் ஒயர் தேயும். மேலே சொன்ன உலோகக் குண்டு இதற்காகத்தான். நடுவில் பெரிய பதக்கம் தொங்கினால் அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குண்டு போடுங்கள்.

ஸ்படிகத்தில் துளையின் வாய் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையாக இருக்கும். ஓர் ஊசியை விட்டுச் சுழற்றிப் பாருங்கள், கரகரவென்று பிடிக்கும் மணிகளை ஒதுக்கிவிடுங்கள். மணிக்கு மணி நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி மணி போட்டால் ஒயர் அந்த விளிம்பில் மடிந்து அழுந்தாது. 0.45 மி.மீ., 49 இழை இதற்குப் பொருத்தம்.

ருத்ராட்சம் தண்ணீர் பட்டால் ஊறிக் கொஞ்சம் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். உங்கள் ஊரில் ஐப்பசி துலா முழுக்குக்கு மாலையோடேயே காவிரியில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 108 மணியும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பருத்தால் மொத்தமாக லாக்கைத்தான் பிடித்து இழுக்கும். இதற்கு 1 மி.மீ. கணக்கெல்லாம் ஆகாது, 5 மி.மீ. ஆவது தளர்வு விடுங்கள். உண்மையில் ருத்ராட்சத்துக்கு மணிக்கு மணி முடிச்சுப் போட்ட நூலே மேல் என்பது என் கருத்து. அறுந்தாலும் ஒரு மணிதான் போகும், எல்லாம் படித்துறையில் சிதறாது.

நைலான் நரம்பு, எலாஸ்டிக், பட்டு நூல் எதிலும் இந்த லாக்கை நம்பாதீர்கள். நரம்பு வழுக்கும், எலாஸ்டிக்கை லாக்கின் விளிம்பு வெட்டிவிடும், பட்டு நூல் நைந்துபோகும். அவற்றுக்கு முடிச்சும் ஒரு சொட்டுப் பசையும்தான்.

லாக்கின் உலோகத்துக்கு வருவோம். முலாம் பூசிய மலிவான பித்தளை லாக் வியர்வையில் களிம்பேறிப் பச்சையாகும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் கொடுக்கும் மாலைகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும், ஆகையால் இன்னும் சீக்கிரம். 925 வெள்ளி லாக் விலை கூடுதல்தான். ஆனால் மிருதுவாக மடியும், வெடிக்காது. வெள்ளி கறுக்கும், அதை மறைக்க 3 மி.மீ. கிரிம்ப் கவர் போட்டுவிடலாம். சோழி மாதிரி வாய் திறந்த குண்டு அது. மடித்த லாக்கின் மேல் வைத்து, பிளையரின் நுனிப் பள்ளத்தில் பட்டும் படாமலும் மூடுங்கள். மடிக்காத லாக் தட்டையாக அகன்றிருப்பதால் கவருக்குள் அடங்காது.

புதுப் பிளையர் கைக்கு வந்ததும் நேராக விற்பனை மாலையில் போடாதீர்கள். 10 செ.மீ. ஒயர்த் துண்டில் இரண்டு பக்கமும் கண்ணி போட்டு, ஒன்றை ஆணியில் மாட்டி, மற்றதில் ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். கண்ணிக்குப் பக்கத்தில் ஒயரில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், காலையில் அது லாக்கிலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பத்துத் துண்டு செய்வதற்குள் கை பழகிவிடும்.

தப்பாக மடிந்த லாக்கைத் திரும்ப விரித்துப் போடப் பார்க்காதீர்கள். கட்டரின் நுனியால் லாக்கை மட்டும், ஒயரில் படாமல் கடித்தால் அது பிளந்துகொண்டு விழும். அந்த இடத்தில் ஒயரின் பூச்சு நசுங்கியிருந்தால், அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மேற்கொண்டு முடியுங்கள். ஆரம்பத்தில் 15 செ.மீ. கூடுதலாக விடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். மிச்சம் போதவில்லையென்றால் முழு மாலையையும் புது ஒயரில் கோத்துவிடுங்கள். இணைத்து ஒட்டுப்போட்ட மாலை மறுபடி உங்களிடமே திரும்பி வரும்.