வினிகர் நெடி இல்லாமல், அடியில் கல்கண்டு கட்டாமல் செகஞ்சபீன் சர்பத்தை வீட்டில் செய்வது எப்படி?

கேட்டவர் சொன்னது இது: சர்க்கரை, தண்ணீர், வினிகர், புதினா நான்கையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்தார். வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது, புதினா வாசனையே இல்லை, ஒரு வாரத்தில் பாட்டிலின் அடியில் கல்கண்டு கட்டிவிட்டது. மூன்றுக்கும் காரணங்கள் வேறுவேறு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடுப்பில் ஏற்றியதிலிருந்துதான் தொல்லை தொடங்குகிறது. சர்க்கரைக்கு நல்ல கொதி வேண்டும், வினிகருக்குச் சிறு தீ போதும், புதினாவுக்கு அடுப்பே ஆகாது. இந்த வரிசையைக் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது.

செகஞ்சபீன் ஈரானின் மிகப் பழைய சர்பத்துகளில் ஒன்று. ஆதியில் தேனும் வினிகரும்தான். 1037இல் ஹமதானில் காலமான பாரசீக மருத்துவர் இப்னு சீனாவின் மருத்துவ நூலில் இது மருந்தாகவே பேசப்படுகிறது. யுனானி மருத்துவத்தில் இன்றும் இந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது. இப்போது ஈரானிய வீடுகளில் பெரும்பாலும் சர்க்கரையில்தான் காய்ச்சுகிறார்கள். பாகாகக் காய்ச்சிப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது குளிர்ந்த நீரில் கலந்து, வெள்ளரிக்காயைத் துருவிப் போட்டுக் குடிப்பது வழக்கம்.

முதலில் வினிகர். இதில் சிக்கனம் பார்த்தால் மீதி எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை. மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். ‘சிந்தெடிக்’ என்று அச்சிட்டிருந்தால் அது நீர்த்த அசிட்டிக் அமிலம் மட்டுமே. சைனீஸ் நூடுல்ஸுக்கும் ஊறுகாய்க்கும் அது போதும். செகஞ்சபீனுக்குப் போதாது. பழச்சாற்றைப் புளிக்கவைத்து எடுத்த வினிகரில் அமிலத்தோடு பழத்தின் வாசனையும் லேசான இனிப்பும் இருக்கும். அதுதான் நெடியை மட்டுப்படுத்துகிறது. ஈரானில் திராட்சை வினிகரும் ஆப்பிள் வினிகரும் புழங்குகின்றன. நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது ஆப்பிள் சைடர் வினிகர், தாராளமாகப் பயன்படுத்தலாம். அடியில் வண்டல் தங்கிய வடிகட்டாத வகையாக இருந்தால் பாட்டிலைக் குலுக்காமல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வண்டலால் கெடுதல் ஒன்றும் இல்லை, பாகு கலங்கலாகத் தெரியும், அவ்வளவே. இலங்கையில் இருப்பவர்கள் தென்னை வினாகிரியில் செய்யலாம். அமிலம் சரியாக இருக்கும், வாசனை மட்டும் ஈரானியதாக இருக்காது.

அளவு, ஏறத்தாழ 900 மில்லி பாகுக்கு: வெள்ளைச் சர்க்கரை 800 கிராம், தண்ணீர் 400 மில்லி, 5 சதவீத அமிலமுள்ள வினிகர் 200 மில்லி, காம்போடு புதினா 60 கிராம். லேபிளில் 4 சதவீதம் என்றிருந்தால் வினிகரை 250 மில்லியாக்கித் தண்ணீரை 350ஆகக் குறையுங்கள். அப்போது அமிலமும் மாறாது, மொத்த நீரும் மாறாது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாம் அவற்றுக்குரிய இடத்தில் அருமையானவை. இங்கே அவற்றின் வாசனை புதினாவை மூடிவிடும்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது எனாமல். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு, இரும்பு எதுவும் வேண்டாம். சூடான வினிகர் உலோகத்தைக் கரைக்கும். சுவை கெடுவதோடு நிற்காது, செம்பு கரைந்தால் உடம்புக்கும் கேடு. பிளாஸ்டிக் கரண்டிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியே இருக்கட்டும்.

காய்ச்சத் தொடங்கும் முன் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். சர்க்கரையையும் தண்ணீரையும் நடுத்தரத் தீயில் வைத்து, முழுதும் கரையும்வரை கிளறுங்கள். கரைந்தபின் கிளறக் கூடாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய சர்க்கரை மணிகளை ஈரத் துணியாலோ பிரஷாலோ கீழே தள்ளிவிடுங்கள். அந்த மணிகள்தான் பின்னால் பாட்டிலில் கல்கண்டுக்கு விதையாகின்றன. நுரை வந்தால் எடுத்துவிடலாம். நன்றாகக் கொதி வந்து 8 முதல் 10 நிமிடம் ஆனதும் தீயைக் குறைத்து வினிகரைச் சேருங்கள்.

இனி சிறு தீ, மூடி இல்லாமல், 15 முதல் 20 நிமிடம். இந்த நேரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வினிகரில் எளிதில் ஆவியாகும் பொருள்கள் வெளியேறி முரட்டு நெடி அடங்குகிறது. அமிலமும் சூடும் சேர்ந்து சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கின்றன. இப்படி உடைந்த சர்க்கரை கலந்த பாகு எளிதில் உறையாது. வினிகரைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்கிவிட்டால் நெடியும் நிற்கும், கல்கண்டும் கட்டும். தொடக்கத்திலேயே ஊற்றிப் பெருந்தீயில் கொதிக்கவிட்டால் புளிப்பின் ஒரு பகுதி போய்விடும். அடுப்புக்கு நேர்மேலே குனிந்து மோந்து பார்க்காதீர்கள், வினிகர் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எப்போது இறக்குவது? சமையல் குறிப்புகள் நிமிடக் கணக்குச் சொல்கின்றன. ஆனால் பாத்திரத்தின் வாய் அகலமும் அடுப்பின் வேகமும் வீட்டுக்கு வீடு மாறும். தராசுதான் நம்பகம். பாத்திரத்தின் எடையைக் கழித்தபின் பாகு 1,220 கிராம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். போட்ட சர்க்கரை 800 கிராம் அப்படியே இருக்கிறது, குறைந்தது தண்ணீர் மட்டுமே. ஆகவே 1,220 கிராமில் இனிப்பு ஏறத்தாழ 65 சதவீதம். அதற்குக் குறைந்தால் பாகு புளித்துப் பொங்கக்கூடும், 70ஐத் தாண்டி ஏற ஏறக் கல்கண்டு கட்டும் வாய்ப்பு கூடும். 1,300 காட்டினால் இன்னும் கொஞ்சம் காய்ச்சுங்கள். 1,150க்கு இறங்கிவிட்டால் வெந்நீர் ஊற்றி எடையைச் சரிசெய்துகொள்ளலாம், ஒன்றும் கெட்டுவிடவில்லை. சூடான பாத்திரத்தைத் தராசில் வைக்கும்போது கீழே ஒரு மரப்பலகை வைத்து, அதன் எடையையும் கழித்துக்கொள்ளுங்கள்.

சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: கடல் மட்டத்து ஊர்களில் இந்தப் பதம் 104 டிகிரி செல்சியஸ் அளவில் வரும். இது ஊருக்கு ஊர் மாறும் எண். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெஹ்ரானில் தண்ணீரே 96 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே எழுதிய குறிப்பின் வெப்ப எண்ணைச் சென்னையில் அப்படியே பின்பற்றினால் பாகு தண்ணீராக நிற்கும். உங்கள் ஊரில் வெறும் தண்ணீர் எந்த டிகிரியில் கொதிக்கிறதோ அதோடு 4 கூட்டிக்கொள்ளுங்கள். தராசும் இல்லை, வெப்பமானியும் இல்லை என்றால் குலாப் ஜாமூன் பாகின் பிசுக்குப் பதம் கணக்கு. விரல்களுக்கிடையே கம்பி இழுத்தால் தாண்டிவிட்டது. சூட்டில் பாகு நீர்த்துத்தான் தெரியும், ஆறினால் கெட்டிப்படும். அதைப் பார்த்துப் பயந்து கூடுதலாகக் காய்ச்சுவதுதான் பலருடைய பாகு கல்லாகக் காரணம்.

புதினாவைக் காலையிலேயே கழுவித் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தியிருக்க வேண்டும். சந்தையில் சட்னிக்கு வாங்கும் அதே புதினாதான். ஈரானிய சமையலில் ‘நானா’ எனப்படுவதும் இந்த வகையே. பெப்பர்மின்ட் எசென்ஸ் ஊற்றிவிடாதீர்கள், மிட்டாய் வாசனை வந்துவிடும். கருத்த இலைகளை நீக்கிவிட்டுக் காம்போடு சேர்த்து நூலால் கட்டுங்கள். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, கொதி முழுதும் அடங்கியபின் கட்டைப் பாகில் அமிழ்த்துங்கள். புதினாவின் வாசனை ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. கொதிக்கும் பாகில் போட்டால் அது உங்கள் சமையலறையை மணக்கவைத்துவிட்டுப் போய்விடும், பாட்டிலுக்கு வராது.

பாத்திரத்தை மெல்லிய பருத்தித் துணியால் மூடி, அதன்மேல் தட்டை வையுங்கள். வெறும் தட்டால் மூடினால் அடியில் வியர்த்த நீர் சொட்டிப் பாகின் மேற்பரப்பை மட்டும் நீர்க்கவைக்கும். பூஞ்சை முதலில் பிடிப்பது அந்த மேல் படலத்தில்தான். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆறிவிடும். ஆறியதும் கட்டைத் தூக்கி, சொட்டச் சொட்டப் பிடித்து எடுத்துவிடுங்கள். பிழிய வேண்டாம், கலங்கலும் லேசான கசப்பும் வரும். இரவெல்லாம் ஊறவிடுவதாலும் லாபமில்லை. அழகுக்காக ஒரு கொத்தைப் பாட்டிலுக்குள் போட்டு வைப்பது படத்துக்கு நன்றாக இருக்கும், பாகுக்கு அல்ல. இலை கூழாகிக் கெடும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. நல்ல செகஞ்சபீன் இளம் தேன் நிறத்தில்தான் இருக்கும். அமிலம் பட்ட இலைப்பச்சை பழுப்பாகிவிடுவது இயல்பு. பச்சைப் பசேலென்று இருந்தால் அதில் நிறம் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெயில் படாத இடத்தில் வைத்தால் சில மாதம் இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. ஈரக் கரண்டி விடாதீர்கள். ஃபிரிட்ஜில் கல்கண்டு கட்டினால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் சேர்த்து, பாகை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, கரையும்வரை சூடாக்கினால் போதும். குமிழி விட்டாலோ, சாராய வாசனை வந்தாலோ, மேலே பூஞ்சை தெரிந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்தெடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது.

இனிக் கலக்கும் முறை. ஒரு டம்ளருக்குப் பாகு 30 முதல் 45 மில்லி, குளிர்ந்த தண்ணீர் 200 மில்லி. பாகு அடியில் தங்கும், ஆகவே முதலில் பாகையும் தண்ணீரையும் நன்றாகக் கலக்கிவிட்டு ஐஸ் போடுங்கள். வெள்ளரி இளம் பிஞ்சாக, விதை முற்றாததாக இருக்கட்டும். காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கிக் கடித்துப் பாருங்கள், கசப்பு அங்கேதான் சேரும். கசந்தால் வேறு காய் எடுங்கள், சர்க்கரையால் அந்தக் கசப்பை மறைக்க முடியாது. பெரிய கண் துருவியில் துருவி, குடிக்கும் நேரத்தில் இரண்டு மேசைக்கரண்டி போட்டு, நீளக் கரண்டியோடு கொடுங்கள். சிறு கண்ணில் துருவினால் காய் கூழாகி நீர் விட்டு சர்பத் சப்பென்று ஆகிவிடும். ஊறவைத்த சப்ஜா விதை ஒரு கரண்டி சேர்ப்பதும் பொருத்தமே. ரோஜா நீர் வேண்டாம் என்பது என் கருத்து, புதினாவோடு அது மோதும்.

தேனில் செய்ய விரும்பினால்: தேன் 800 கிராம், தண்ணீர் 200 மில்லி, வினிகர் 200 மில்லி. தேனிலேயே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் இருப்பதால் இங்கே நிறுத்தும் எடை 1,000 கிராம். சிறு தீ மட்டும், நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுவை ஆழமாக இருக்கும், புதினா கொஞ்சம் பின்வாங்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்தது எதுவும் கொடுக்கக் கூடாது.

தண்ணீர் கலக்காமலும் இதைச் சாப்பிடுவார்கள். ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸின் பதின்மூன்றாம் நாளான சீஸ்தே பெதரில் குடும்பத்தோடு வெளியே போய்ப் புல்வெளியில் உட்காருவது வழக்கம். அப்போது கிண்ணத்தில் செகஞ்சபீன் பாகை ஊற்றி, லெட்யூஸ் இலையை அதில் தோய்த்துக் கடிப்பார்கள். நீள இலை லெட்யூஸின் உள்குருத்து இதற்கு மிகவும் பொருத்தம். இலையைக் கழுவி நன்றாக ஈரம் உதறுங்கள், இல்லாவிட்டால் பாகு இலையில் ஒட்டாது.

சர்க்கரைக் கணக்கையும் தெரிந்துகொண்டு குடியுங்கள். இந்தப் பாகு 45 மில்லியில் ஏறத்தாழ 39 கிராம் சர்க்கரை இருக்கிறது, 30 மில்லியில் 26. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது ஏற்ற பானம் அல்ல. வினிகர் இருப்பதால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் வெறும் வயிற்றில் தவிர்க்கலாம். புளிப்பும் குளிர்ந்த நீரும் தாகத்தைத் தணிக்கும், ஆனால் வியர்வையில் போன உப்பை இது ஈடுசெய்யாது. வெயிலில் நின்று வேலை பார்த்து வந்தவருக்கு ஈரானியரே கொடுக்கும் வேறொரு பானம் பொருந்தும்: தயிரை நீர்க்கக் கடைந்து, உப்பும் உலர்ந்த புதினாப் பொடியும் தூவிய தூக். அதற்கு அடுப்பே தேவையில்லை.